வந்தாங் குதித்தனன்: யாழ்ப்பாணத்துப் புராணபடனம் பற்றி

ரொறொன்ரோவில் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. போன முறை ஊருக்கு வந்தபோது கந்தபுராண மூலப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொண்டு போனாராம். காப்பில் தொடங்கி ஒழுங்காகவே படித்து வந்தவர் ஆற்றுப்படலத்தோடு நின்றுவிட்டார். "அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது, ஆனால் கந்தபுராணக் கதை முழுக்கச் சொல்லுவா, நடுவில் பாட்டும் சொல்லுவா. நான் படித்தவள், எனக்கு ஒரு பக்கம் போகவில்லை. ஊர்க் கோயில்களில் இதை எப்படிப் படித்தார்கள்? அந்த முறையில் வீட்டில் படிக்கலாமா? வசனத்தில் வாசித்தால் போதாதா? பெண்கள் புராணம் படிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, ஆற்றுப்படலத்தில் நின்றதற்காக வெட்கப்படாதீர்கள். அங்கே நின்றவர்களை வரிசையில் விட்டால் வண்ணார்பண்ணையில் இருந்து நல்லூர் வரை நிற்பார்கள். கச்சியப்ப சிவாசாரியார் காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்து அர்ச்சகர். காப்பிய மரபுப்படி முதலில் கடவுள் வாழ்த்து, அவையடக்கம், பிறகு தன் ஊர் ஆறான பாலாறு, நாடு, நகரம் என்று பாடிவிட்டுத்தான் கதைக்கு வருவார். நாவல் வாசிக்கிற மாதிரி முதல் பக்கத்தில் தொடங்கி வாயை மூடிக்கொண்டு போனால் பாலாற்றைத் தாண்டுவது கஷ்டம். மொத்தம் 10,345 பாட்டு. உற்பத்தி, அசுர, மகேந்திர, யுத்த, தேவ, தட்ச காண்டம் என்று ஆறு காண்டம். கோயிலில் ஒரு நாளைக்கு 40 பாட்டுப் படித்தாலும் முடிக்க 250 நாளுக்கு மேல் வேண்டும். இவ்வளவு பெரிய நூலை எழுதப் படிக்கத் தெரியாத சனம் எப்படித் தன் சொத்தாக்கிக்கொண்டது என்பதுதான் உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கிற கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாற்பது வருஷமாக நான் கோயிலில் படிப்பவனாக இருந்திருக்கிறேன், பயன் சொல்பவனாக அல்ல. அந்த வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும்.

புராணபடனம் என்றால் கோயிலில் புராணத்தைப் படித்துப் பொருள் சொல்வது. அதற்கு இரண்டு பேர். ஒருவர் படிப்பவர், மற்றவர் பயன் சொல்பவர். மாலைப் பூசை முடிந்ததும் ஐயர் புத்தகத்துக்குப் பூப்போட்டு, இருவருக்கும் விபூதி கொடுப்பார். படிப்பவர் பாட்டை முதலில் இராகத்தோடு முழுதாகப் பாடுவார். பிறகு அடி அடியாக, சொல் சொல்லாகப் பிரித்துக் கொடுப்பார். பயன் சொல்பவர் அந்தச் சொல்லை வாங்கி, பொருள் சொல்லி, கதையை ஓட்டி, வேண்டிய இடத்தில் தேவாரத்தையோ திருக்குறளையோ இழுத்து, மறுபடி படிப்பவரிடம் விடுவார். ஒருவர் எறிய ஒருவர் ஏந்துவது போல இருக்கும். இருவருக்கும் பழக்கம் ஒத்துப்போனால் கேட்க அவ்வளவு சுகம். ஒத்துப்போகாவிட்டால், படிப்பவர் அடுத்த அடிக்கு ஓட, மற்றவர் முந்தின அடியிலேயே நிற்க, கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

படிப்பவரின் வேலை குரல் மட்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சொல் பிரிப்புத்தான் அவருடைய உண்மையான வேலை. எனக்கு அது எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

எனக்கு அப்போது 14 வயது. எங்கள் கோயிலில் பயன் சொன்னவர் என் பெரியப்பா. வழக்கமாகப் படிப்பவருக்குத் தடிமன், குரல் அடைத்துவிட்டது. "தம்பி பாடுவான்" என்று யாரோ என்னை இருத்திவிட்டார்கள். அன்றைக்கு வந்தது திருவவதாரப் படலம். பழைய அச்சுப் புத்தகங்களில் பாட்டை ஓசைக்கேற்பச் சீர் பிரித்துத்தான் போட்டிருப்பார்கள், சொல் பிரித்து அல்ல. புத்தகத்தில் இருந்தது இது:

அருவமு முருவு மாகி அநாதியாய்ப் பலவா யொன்றாய்ப்
பிரமமாய் நின்ற சோதிப் பிழம்பதோர் மேனி யாகக்
கருணைகூர் முகங்க ளாறுங் கரங்கள்பன் னிரண்டுங் கொண்டே
ஒருதிரு முருகன் வந்தாங் குதித்தன னுலக முய்ய.

இராகம் நன்றாகத்தான் வந்தது. கடைசி அடியைப் பிரித்துக் கொடுக்கிற நேரம், "ஒருதிரு முருகன் வந்தாங்" என்று மூச்சு வாங்கிவிட்டு, "குதித்தனன்" என்று உரத்துக் கொடுத்தேன். பின்னால் தூணோடு சாய்ந்திருந்த கிழவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "எங்கயிருந்து குதிச்சவர், தம்பி?" என்று மட்டும் கேட்டார். காது சுட்டுப்போனது.

அதற்குப் பிறகு அவர் என்னை விட்டுவிட்டு அந்த ஒரு சொல்லிலேயே அரைமணித்தியாலம் நின்றார். வந்து, ஆங்கு, உதித்தனன். பிறந்தனன் என்று கச்சியப்பர் பாடியிருக்கலாம், பாடவில்லை. காலையில் சூரியன் உதிக்கிறது என்கிறோம், இரவு முழுக்க அது இல்லாமலா போயிருந்தது? எங்கள் கண்ணுக்குப் படாமல் இருந்தது, அவ்வளவுதான். முதல் அடியிலேயே "அநாதியாய்" என்று சொல்லியாகிவிட்டது. தொடக்கமே இல்லாத ஒன்றுக்குப் பிறப்பு எங்கே வரும்? உருவம் இல்லாததாகவும் உருவம் உள்ளதாகவும், பலவாகவும் ஒன்றாகவும் இருந்தது ஒரு சோதிப் பிழம்பைத் திருமேனியாகக் கொண்டு தோன்றுகிறது. பார்ப்பவர்களுக்கு ஆறு முகம் தெரிகிறது. அந்த முகங்களுக்கு வேறு அடைமொழி எதுவும் போடாமல் "கருணைகூர்" என்று போட்டார். ஏன் வந்தது? "உலகம் உய்ய". சூரனைக் கொல்ல என்று அங்கே ஒரு சொல் இல்லை பாருங்கள் என்று சொல்லி நிறுத்தினார். தூணோடு இருந்த கிழவர்களும் நிமிர்ந்து இருந்தார்கள்.

நான் பிழையாகப் படித்திராவிட்டால் அன்றைக்கு அவர் அந்தச் சொல்லில் அவ்வளவு நேரம் நின்றிருப்பாரோ தெரியாது. ஆனால் ஒன்று, அந்தப் பாட்டை நான் இனிச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இந்தச் சொல் பிரிப்புச் சண்டை கந்தபுராணத்தோடு கூடப் பிறந்தது. நூலின் முதற் சொல்லே "திகட சக்கர". திகழ், தசம், கரம் என்று மூன்று சொல் உள்ளே இருக்கிறது: விளங்குகின்ற பத்துக் கை. திகழ் என்பதும் தசக்கரம் என்பதும் சேர்ந்து எப்படித் திகடசக்கரம் ஆகும், இலக்கணத்தில் விதி எங்கே என்று அரங்கேற்றத்தில் ஒருவர் மறித்தாராம். அடுத்த நாள் சோழநாட்டில் இருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதியைக் காட்டிவிட்டு மறைந்துவிட்டார், வந்தவர் குமரகோட்டத்து முருகன்தான் என்பது மரபுக் கதை. நம்புவது உங்கள் விருப்பம். நான் அதில் பார்ப்பது வேறு: ஒரு புணர்ச்சி விதிக்காகச் சுவாமியே நேரில் வந்தார் என்று கதை சொன்ன சமூகம், சொல்லைப் பிரித்துப் படிப்பதை எவ்வளவு பெரிய காரியமாக நினைத்திருக்க வேண்டும்!

அம்மம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவ வருஷா வருஷம் கேட்டவ. கோயிலில் இருந்து கேட்டிருப்பா, லவுட்ஸ்பீக்கர் வந்த பிறகு வீட்டில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டும் கேட்டிருப்பா. ஒவ்வொரு பாட்டையும் ஒரு தரம் இராகத்தோடு, ஒரு தரம் பிரித்து, ஒரு தரம் பொருளாக, ஆக மூன்று தரம். பத்து வருஷம் கேட்டால் முப்பது தரம். அதனால் பாட்டு நாக்கில் ஏறிவிடும், பேச்சில் தானாக வந்து விழும். எங்கள் ஆச்சி ஒருவர் இருந்தா. ஊரில் வாலறுந்த பொடியன் என்று பெயரெடுத்தவன் ஒருவன் படித்து உத்தியோகத்தோடு வந்து நின்றால், "பாலன் என்றிருந்தேன் அந்நாள்" என்று சொல்லிச் சிரிப்பா. அது யுத்த காண்டத்தில் சூரபன்மன் சொல்கிற வார்த்தை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று சொன்னார். அது மேடையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல்லாகிவிட்டது இப்போது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் ஆச்சியின் அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

அந்தப் பாட்டையும் பார்த்துவிடுவோம். போரில் முருகன் தன் பெருவடிவத்தைக் காட்டுகிறான். சூரனுக்கு ஒரு கணம் தெளிவு வருகிறது.

கோலமா மஞ்ஞை தன்னில் குலவிய குமரன் தன்னைப்
பாலன்என் றிருந்தேன் அந்நாள் பரிசிவை உணர்ந்தி லேன்யான்
மாலயன் தனக்கும் ஏனை வானவர் தமக்கும் யார்க்கும்
மூலகா ரணமாய் நின்ற மூர்த்திஇம் மூர்த்தி யன்றோ.

அழகிய மயிலில் வந்தவனைச் சின்னப் பிள்ளை என்று நினைத்திருந்தேன், இந்தப் பெருமையை நான் அறியவில்லை, மாலுக்கும் அயனுக்கும் மற்ற எல்லாருக்கும் மூலகாரணமான மூர்த்தி இவனல்லவா என்கிறான். பக்தன் ஒருவன் சொல்ல வேண்டியதை எதிரியின் வாயில் வைத்தார் கச்சியப்பர். அதோடு விட்டாரா? பெருவடிவத்தை மறைத்ததும் சூரனின் தெளிவும் போய்விடுகிறது, பழைய கோபம் திரும்பி வருகிறது. மறுபடி மாயம், மறுபடி போர், கடைசியில் கடலில் மாமரமாக நிற்கிறான். வேல் அதைப் பிளக்கிறது, ஒரு பாதி மயிலாகவும் மறு பாதி சேவலாகவும் வருகிறது. தெருவில் நடக்கும் சூரன் போரில் சூரன் உருவத்தின் தலை மாறுவதைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள். புராணப் படிப்பில் இருப்பவர்களுக்கு இந்தத் திரும்பி வந்த கோபத்தில்தான் மனம் நிற்கும். கோயிலில் நின்று உருகிவிட்டு வீட்டுப் படலையடியில் வேலிச் சண்டை தொடங்குகிற சனம் நாங்கள், எங்களுக்கு அது விளங்காமல் போகுமா?

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரன் ஆணவம் என்று ஒரு வாய்ப்பாடு உங்களுக்கு எங்கும் கிடைக்கும். பிழை இல்லை, சைவசித்தாந்தப்படி சரியானதுதான். அதிலும் சூரனைக் கொல்லாமல் மயிலும் சேவலும் ஆக்கியதற்கு நல்ல விளக்கம் இருக்கிறது: ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்கும். ஆனால் முதல் நாளே இந்த வாய்ப்பாட்டைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்தால் சூரன் ஆளாக இல்லாமல் பலகையில் எழுதிய சூத்திரமாகிவிடுவான், அவன் தம்பிமார் செத்தபோது அவன் அழுகிற அழுகை உங்கள் காதில் விழாது. அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் முகாரியில் படிப்பார்கள். அசுரனுக்காகக் கண் துடைத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் அழுங்கள், தத்துவம் பிறகு வரட்டும்.

வசனம் போதாதா என்ற கேள்விக்கு: கதைக்குப் போதும். ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டபோது, பாட்டுக்குள் போகமுடியாதவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதற்கு முன்பே, 1847 டிசெம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். பிரசங்கம் வேறு, படனம் வேறு. பிரசங்கத்தில் பேசுபவர் தலைவர். படனத்தில் பாட்டுத்தான் தலைவர், பயன் சொல்பவர் எவ்வளவு தூரம் போனாலும் படிப்பவர் அடுத்த சொல்லைக் கொடுத்து அவரை இழுத்து வந்துவிடுவார். வசனம் வாசிக்கிறபோது அப்படி இழுக்க ஆள் இல்லை. "உதித்தனன்" என்ற சொல் "அவதரித்தார்" என்று மாறிப்போயிருக்கும், நீங்களும் தடக்குப்படாமல் கடந்துவிடுவீர்கள். எனவே வசனத்தைப் பக்கத்தில் வைத்திருங்கள், கதை எங்கே போகிறது என்று பார்க்க. மூலத்தை விடாதீர்கள்.

பெண்கள் படிக்கலாமா? இதைக் கேட்க வேண்டி வந்ததே எங்கள் பிழை. கோயில் படனத்தில் ஒரு காலம் ஆண்களே இருந்தார்கள் என்பது உண்மை. அதே காலத்தில் மார்கழி வளர்பிறைச் சட்டியில் முடிகிற 21 நாள் பெருங்கதை விரதத்துக்கு, சுன்னாகம் வரத பண்டிதர் பாடிய பிள்ளையார் கதையை வீடுகளில் படித்தவர்களில் எத்தனை பேர் பெண்கள்! அப்புறம் தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்து 2008இல் மறைந்தார். அவர் கந்தபுராணம் சொல்லக் கேட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். படிக்கிற நாட்களில் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, குளித்து விளக்கேற்றிவிட்டு இருப்பது, துடக்கு (தீட்டு) என்றால் வேறொருவர் இருப்பது என்று ஊரில் ஒழுங்குகள் உண்டு. உங்கள் வீட்டு வழக்கத்தை அம்மாவிடம் கேட்டுச் செய்யுங்கள், அதில் நான் தலையிடவில்லை.

சரி, வீட்டில் எப்படி? தனியே படிக்காதீர்கள் என்பதுதான் என் முதல் சொல். உங்களுக்கு ஒரு இரண்டாவது ஆள் வேண்டும். அம்மா ஊரில் இருந்தால் அவவைப் போனில் பிடியுங்கள். நீங்கள் படிப்பவர், அவ பயன் சொல்பவர். பொருள் முழுக்கத் தெரிய வேண்டும் என்றில்லை, "அது என்ன சொல்?" என்று கேட்க ஒரு ஆள் மறுபக்கத்தில் இருந்தால் போதும். உரத்துப் படியுங்கள். இராகம் தெரியாவிட்டால் தேவாரம் பாடுகிற ஏதாவது மெட்டில் போடுங்கள். மேலே காட்டிய இரண்டு பாட்டும் ஒரே ஓசை என்பதை வாய்விட்டுப் படித்தால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள், நூலில் மிகப் பல பாட்டுக்கு அந்த அறுசீர் ஓசையே. அதனால் ஒரு மெட்டுப் பிடிபட்டால் ஆயிரக்கணக்கான பாட்டுக்கு உதவும். பிறகு பென்சில் எடுத்துச் சொல் பிரியுங்கள், புத்தகத்திலேயே. புத்தகத்தில் கோடு போடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். பெரியப்பாவின் புத்தகத்தில் கோடு இல்லாத பக்கம் கிடையாது.

நாளுக்கு ஐந்து பாட்டு, கூட வேண்டாம். காப்புச் சொல்லிவிட்டு நேரே திருவவதாரப் படலத்துக்குப் போங்கள். அடுத்து சூரபன்மன் வதைப் படலம். அதன் பிறகு நூலின் கடைசியில் இருக்கிற வள்ளியம்மை திருமணப் படலம். அதைப் படிக்கிற நாளில் எங்கள் கோயிலில் பெண்கள் தேனும் தினைமாவும் கொண்டுவருவார்கள், சின்னவர்கள் அதற்காகவே வந்து முன்வரிசையில் இருப்பார்கள். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிற முருகனைப் படித்துச் சிரித்த பிறகு பாலாறு உங்களுக்கு ஒரு பொருட்டாக இராது, திரும்பிப் போய் முதலில் இருந்து தொடங்கலாம். ஊருக்கும் நாளுக்கும் தக்க வேறு நூல்களும் உண்டு. திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், சித்திரைப் பூரணையில் கஞ்சியோடு சித்திரபுத்திரனார் கதை, பெரியபுராணம், திருவிளையாடல். ஒன்றில் கால் ஊன்றிய பிறகு அவற்றைப் பார்ப்போம்.

முடிக்கும்போது தினமும் "வான்முகில் வழாது பெய்க" பாட்டைச் சொல்லுங்கள். மழை பெய்யட்டும், மன்னன் முறையாக ஆளட்டும், உயிர்கள் குறைவில்லாமல் வாழட்டும் என்று போய், "மேன்மைகொள் சைவநீதி விளங்குக உலகமெல்லாம்" என்று முடியும். கோயிலில் எல்லாரும் சேர்ந்து சொல்வது அது, கந்தபுராணத்துப் பாட்டு என்று தெரியாமலே சொல்கிறவர்கள் நிறையப் பேர். 1995 ஒக்டோபர் 30, கந்தசஷ்டி முடிந்த கையோடு போரினால் வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் போனபோது, பெரியப்பா தூக்கிக்கொண்டு போனது ஒரு சொப்பின் பை. உள்ளே காணி உறுதியும் இந்தப் புத்தகமும். தென்மராட்சியில் நாங்கள் தங்கிய கோயில் மண்டபத்தில், மழை கொட்டிக்கொண்டிருக்க, யார் யாரோ ஊர்க்காரர் சுற்றி இருக்க, அவர் அன்றைக்குப் பயன் சொல்லவில்லை. நான் ஐந்தாறு பாட்டுப் படித்தேன். "வான்முகில் வழாது பெய்க" என்றபோது நனைந்துபோய் நின்ற ஒரு ஆச்சி, "பெய்தது காணும் ராசா" என்றா. எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

புத்தக விஷயம் ஒன்று பாக்கி. இரண்டு பதிப்பு வைத்திருந்தால் நல்லது: சீர் பிரித்த பழைய மூலம் ஒன்று, பதவுரை உள்ளது ஒன்று. பழைய யாழ்ப்பாண அச்சுகள் பல நூலகம் இணைய நூலகத்தில் படமாகக் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். முதலில் சீர் பிரித்ததில் நீங்களே தடக்குப்பட்டுப் பாருங்கள், பிறகு உரையைத் திறவுங்கள். யுத்த காண்டம் வரை சந்தேகம் வந்தால் என்னைக் கேட்கலாம். தட்ச காண்டம் என்றால் எனக்கே பண்டிதமணியின் உரை பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஒரு கிழமை தவணை தாருங்கள்.